யூதர் வீட்டு எபிரேயம்: ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் போக முழுமையான வழிகாட்டி

கர்ப்பமாக இருந்த இஸ்ரேலியத் தோழி ஒருத்தியிடம் "மஸல் தோவ்!" என்று சொல்லிவிட்டுப் பெருமையாக நின்றேன். அப்போது எனக்குத் தெரிந்த நான்கைந்து எபிரேயச் சொற்களில் அதுவும் ஒன்று. அவள் சிரித்துக்கொண்டே, "அதைக் குழந்தை பிறந்த பிறகு சொல். இப்போதைக்கு 'பெஷாஆ தோவா' போதும்" என்றாள். 'நல்ல நேரத்தில்' என்று அர்த்தம். வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பிறந்துவிட்டது போலக் கொண்டாடுவதைப் பல யூதக் குடும்பங்கள் தவிர்க்கின்றன. தொட்டிலும் துணியும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் அடுக்க மாட்டார்கள். நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அகராதியில் மஸல் என்றால் ராசி, விண்மீன் கூட்டம்; தோவ் என்றால் நல்ல. 'நல்ல ராசி'. அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் நடந்து முடிந்த நல்ல காரியத்துக்குத்தான் மஸல் தோவ் சொல்வார்கள் என்பதும், பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு 'பெஹத்ஸ்லஹா', அதாவது 'வெற்றியோடு', என்றுதான் சொல்ல வேண்டும் என்பதும் அந்த இரண்டு வரியில் இல்லை. யூத வாழ்வில் புழங்கும் எபிரேயச் சொல்லுக்குப் பாதிப் பொருள் அதன் வேரில் இருக்கிறது. மீதி, அது சொல்லப்படும் வேளையிலும் அதற்கு வரும் பதிலிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் பழகிக்கொண்ட முறை இது. எபிரேயம் பேசத் தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டு இருந்தால் போதும்.

படி 1: சொல்லோடு சேர்த்து வேளையையும் எழுதுங்கள்

ஒரு சொல் காதில் விழுந்ததும் அகராதிக்கு ஓடாதீர்கள். யார், யாரிடம், எந்த நாளில், எந்த இடத்தில் சொன்னார்கள், கேட்டவர் என்ன பதில் சொன்னார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

'கிதூஷ்' என்ற சொல்லை வைத்துப் பார்க்கலாம். வெள்ளி இரவு வீட்டு மேசையில் திராட்சரசக் கோப்பையைக் கையில் ஏந்தி ஓய்வுநாளைப் புனிதமாக்கிச் சொல்லும் ஆசிக்குப் பெயர் கிதூஷ். மறுநாள் காலை ஜெப ஆலயத்தில் யாராவது "இன்றைக்குக் கிதூஷ் எங்கள் செலவு" என்றால், தொழுகை முடிந்து எல்லோரும் நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டியைச் சொல்கிறார் என்று பொருள். பேரனுக்குப் பெயர் வைத்ததற்காக அவர் கேக்கும் மீனும் வாங்கி வைத்திருப்பார். சொல் ஒன்றுதான், 12 மணி நேரத்தில் பொருள் நகர்ந்துவிட்டது.

'தெஷுவா' இன்னும் வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் அது வினாத்தாளுக்கு எழுதும் விடை. யூத மதகுருவான ரபியிடம் கேள்வி அனுப்பி வாங்கும் தீர்ப்பும் தெஷுவாதான். பாவமன்னிப்பு வேண்டும் நாளான யோம் கிப்பூரோடு முடியும் பத்து நாட்களில் அதே சொல்லைக் கேட்டால் அது மனந்திரும்புதல். திரும்பி வருவது என்பதுதான் அடிப்படை. கேள்விக்குத் திரும்பி வருவது விடை. கடவுளிடம் திரும்பி வருவது மற்றது. நோட்டில் 'எந்த மாதம், எந்த இடம்' என்ற குறிப்பு இல்லாவிட்டால் இந்த மூன்றும் குழம்பிப் போகும்.

படி 2: எழுத்தையும் ஒலியையும் பிரித்துப் பாருங்கள்

வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் 119ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். எட்டெட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு: ஆலெப், பேத், கிமெல் என்று 22 தலைப்புகள், மொத்தம் 176 வசனங்கள். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள். மூலத்தில் ஒவ்வொரு பத்தியிலும் எட்டு வசனங்களும் அந்தந்த எழுத்திலேயே தொடங்கும். சின்ன வயதில் இந்தத் தலைப்புகளை ஏதோ ராகத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும். எழுத்துகள் அடிப்படையில் மெய்கள். உயிரைக் காட்டும் புள்ளிகளைப் பிற்காலத்தில் திபேரியாவைச் சேர்ந்த, பைபிள் வாசகத்தைப் பிழையின்றிக் காத்துவந்த மசோரேத் அறிஞர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். செய்தித்தாளில் அந்தப் புள்ளிகள் இருக்காது. ஜெபப் புத்தகத்திலும் குழந்தைகள் புத்தகத்திலும் இருக்கும். எனவே புதிதாகப் படிப்பவர் ஜெபப் புத்தகத்தில் தொடங்குவது நல்லது.

தமிழில் எழுதிக்கொள்ளும்போது ஒரு சங்கடம் உண்டு. நமக்கு ப-வும் பெங்களூருவின் ப-வும் ஒரே எழுத்து. த-விலும் அதே கதை. தொண்டையைக் கனைத்துச் சொல்லும் ஹேத், ஹாஃப் என்ற இரண்டையும் ஹ என்றுதான் எழுத முடிகிறது. ஆகவே நோட்டில் தமிழ் ஒலிக்குப் பக்கத்தில் எழுத்தின் பெயரையும் எழுதி வையுங்கள்: 'ஷபாத்: ஷின், பேத், தாவ்'. இதைச் செய்யாத சோம்பேறித்தனத்தால் நான் இரண்டு வேர்களை ஒன்றாக்கிப் பல மாதம் தவறாகவே வைத்திருந்தேன்.

அப்புறம், ஒரே சொல் இரண்டு விதமாகக் காதில் விழும். ஐரோப்பிய வழி அஷ்கெனாசி யூதர் பலர் 'ஷாபெஸ்', 'தாலிஸ்', 'ப்ரிஸ்' என்பார்கள். இஸ்ரேலில் 'ஷபாத்', 'தாலித்', 'ப்ரித்' (ஓய்வுநாள், ஜெபச் சால்வை, விருத்தசேதனம்). தாவ் என்ற எழுத்தைச் சில இடங்களில் ஸ என்று ஒலிப்பதுதான் வேறுபாடு. எது சரி என்று விவாதம் செய்ய வேண்டாம். எதிரே இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்.

படி 3: மூன்று மெய்களை உருவி எடுங்கள்

தமிழில் நட, நடை, நடத்தை என்று பகுதிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போவோம். எபிரேயத்தில் பெரும்பாலும் மூன்று மெய்கள் எலும்பாக நிற்கும்; உயிர்கள் உள்ளே மாறி மாறிப் பாயும். வேரைக் கண்டுபிடிக்க, முதலில் முன்னொட்டுகளைக் கழற்றுங்கள்: 'ஹ' என்பது சுட்டு, 'பெ' என்பது 'இல், ஓடு', 'லெ' என்பது 'க்கு', 'வெ' என்பது 'உம்'. அடுத்து 'ஈம்', 'ஓத்' என்ற பன்மை விகுதிகள். மிஞ்சுவதில் மூன்று மெய்கள் தெரியும்.

'பெஸேதெர்' என்று இஸ்ரேலியர் நாளுக்கு நூறு முறை சொல்வார்கள். நம்முடைய 'சரி'. பெ-வைக் கழற்றினால் ஸேதெர்: ஸாமெக், தாலெத், ரேஷ். ஒழுங்கு, வரிசை. 'ஒழுங்கில் இருக்கிறது', அதனால் சரி. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பஸ்கா இரவு விருந்துக்கும் ஸேதெர் என்றே பெயர்; கோப்பை, கீரை, கதை, சாப்பாடு, பாட்டு என்று 15 கட்டங்கள் வரிசை மாறாமல் நடக்கும். ஜெபப் புத்தகம் 'ஸித்தூர்', அதாவது வரிசைப்படுத்தப்பட்டது. வெறும் தேநீர்க்கடைச் சொல் என்று நினைத்தது ஆண்டின் மிகப் பெரிய குடும்ப இரவோடு உறவு வைத்திருக்கிறது.

அடுத்தது ஷின், பேத், தாவ். ஷபாத். இதற்குத் தமிழ் பைபிள் 'ஓய்வுநாள்' என்கிறது. இதை மெச்சாமல் இருக்க முடியவில்லை. எபிரேய வேருக்கு முதல் பொருள் களைப்பாறுவது அல்ல, நின்றுபோவது. தமிழிலும் மழை ஓய்ந்தது, சண்டை ஓய்ந்தது என்போம். நிற்பதும் இளைப்பாறுவதும் ஒரே சொல்லில் அகப்பட்டுவிட்டன. அதே வேரிலிருந்து வருவதுதான் 'ஷ்விதா', தொழிலாளர் வேலைநிறுத்தம். வாரத்தில் பெயருள்ள நாள் ஷபாத் மட்டுமே. மற்றவை முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்களாலேயே அழைக்கப்படுகின்றன. எல்லாம் ஷபாத்தை நோக்கி எண்ணிக்கொண்டு போவது மாதிரி.

ஹேத், நூன், ஹாஃப் என்ற வேரில் ஹனுக்கா பண்டிகை இருக்கிறது. எண்ணெய் விளக்குக் கதையால் இதைப் பலர் 'விளக்குத் திருநாள்' என்று மொழிபெயர்க்கிறார்கள், ஆனால் சொல்லின் பொருள் அர்ப்பணிப்பு, புதிதாகத் தொடக்கி வைத்தல். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதப் போராளிகளான மக்கபேயர் எருசலேம் ஆலயத்தை மீட்டு மறுபடி தொடக்கியதன் நினைவு அது. புது வீட்டுக்குக் குடிபோகும் சடங்கு 'ஹனுக்கத் பாயித்'. தயங்காமல் கிரகப்பிரவேசம் என்று எழுதிக்கொள்ளலாம். கல்விக்குப் பெயர் 'ஹினுஹ்'. நீதிமொழிகள் 22:6இல் "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற வசனத்தின் முதல் எபிரேய வினைச்சொல் இந்த வேர்தான். ஆலயத்தைத் தொடக்குவதும் பிள்ளையைத் தொடக்குவதும் ஒரே வேலை.

'கஷேர்', நமக்குப் பழகிய கோஷெர், 'தகுதியானது' என்று பொருள். சாப்பாட்டுக்கு மட்டுமான சொல் அல்ல. மோசேயின் ஐந்து நூல்களைக் கையால் எழுதிய தோரா சுருளில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டாலும் அது கஷேர் இல்லை. திருத்தும்வரை அதிலிருந்து வாசிக்க மாட்டார்கள். சாட்சி சொல்பவரும் கஷேராக இருக்க வேண்டும். இன்றைய இஸ்ரேலில் 'கோஷெர்' என்றால் உடல் தகுதியும்தான்: உடற்பயிற்சிக் கூடத்தின் பெயர் 'ஹதர் கோஷெர்'. பலகையைப் பார்த்து உணவகம் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள்.

ஆயின், லாமெத், ஹே: ஏறுதல். ஜெப ஆலயத்தில் தோரா வாசிப்புக்கு மேடைக்கு அழைக்கப்படுவது 'அலியா'. ஷபாத் காலையில் ஏழு பேரை அழைப்பார்கள். இஸ்ரேலுக்குக் குடியேறுவதும் அலியா. அந்த நாட்டை விட்டு வெளியேறுபவரைப் பழைய வழக்கில் 'யோரேத்', இறங்குபவர் என்பார்கள்; இதில் ஒரு குத்தல் உண்டு, நீங்கள் யாரையும் அப்படி அழைக்க வேண்டாம். எல் அல் விமான நிறுவனத்தின் பெயர் 'மேல் நோக்கி' என்ற பொருளில் அதே வேரைத் தொடுகிறது.

வீடு என்ற சொல்லையும் ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பேத் ஸேஃபெர்', புத்தக வீடு, பள்ளி. 'பேத் ஹோலீம்', நோயாளிகள் வீடு, மருத்துவமனை. 'பேத் தீன்', தீர்ப்பு வீடு, சமய நீதிமன்றம். இடுகாட்டுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'பேத் ஹயீம்', அதாவது உயிருள்ளோர் வீடு. ஜெப ஆலயம் 'பேத் க்னெஸெத்', கூடும் வீடு. ஜெபம் என்ற சொல் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள், கூடுவதுதான் முதலில். இஸ்ரேல் நாடாளுமன்றமும் க்னெஸெத் என்றே அழைக்கப்படுகிறது. அதன் 120 இடங்கள், பழங்காலப் பெரிய சபையின் 120 பேரை நினைத்து வைத்த எண்.

படி 4: வேர் ஏமாற்றும் இடங்களில் நிதானியுங்கள்

வேர் பிடிபட்ட உற்சாகத்தில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப் போடத் தோன்றும். பிரசங்கிகளுக்கு இது பிடித்த விளையாட்டு. 'லெஹெம்' என்றால் ரொட்டி, 'மில்ஹாமா' என்றால் போர், மெய்கள் ஒன்று. உடனே 'எல்லாப் போரும் சோற்றுக்காகத்தான்' என்று ஒரு தத்துவம் கிளம்பிவிடும். அகராதிக்காரர்கள் இவற்றை இரண்டு தனி வேர்களாகத்தான் வைக்கிறார்கள். 'மஸல்' என்பது இடம், காலம், கல்வி என்று பொருள்படும் மூன்று எபிரேயச் சொற்களின் முதலெழுத்து என்றும் ஒரு விளக்கம் சுற்றுகிறது. அழகான சொல்விளையாட்டு, சொற்பிறப்பு அல்ல. இரண்டையும் நோட்டில் எழுதலாம், ஆனால் வேறு வேறு நிறத்தில்.

இன்னொன்று, யூத வீட்டில் கேட்பதெல்லாம் எபிரேயம் இல்லை. ஜெப ஆலயத்தை 'ஷுல்' என்பதும் இறந்தவரின் வருட நினைவுநாளை 'யார்ட்ஸைட்' என்பதும் ஐரோப்பிய யூதர் பேசிய இத்திஷ் மொழி. பார் மித்ஸ்வாவின் 'பார்' எபிரேயத்தின் உறவு மொழியான அரமேயம். எபிரேயமாக இருந்தால் 'பென்' என்றிருக்கும். 'கட்டளையின் மகன்' என்ற அந்தப் பெயர் 13 வயதான பையனைக் குறிக்கிறது. விழா வைத்தாலும் வைக்காவிட்டாலும் அன்று அவன் பார் மித்ஸ்வாதான். பெண்பிள்ளை 12 வயதில் பாத் மித்ஸ்வா. 'கதீஷ்' என்ற துக்க ஜெபத்தின் பெரும்பகுதியும் அரமேயம். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளின் பெயருக்குப் புகழ்ச்சி. இதைத் தெரியாமல் 'இறந்தோர் பிரார்த்தனை' என்று மொழிபெயர்த்தால் வாசகர் வேறு எதையோ எதிர்பார்ப்பார்.

காலத்தில் பொருள் மாறுவதற்கு ஒரு தமிழ் உதாரணமே இருக்கிறது. 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு 'துக்கியீம்' கொண்டுவந்தன. தமிழ் பைபிளில் மயில்கள். கால்டுவெல் உள்ளிட்ட பலர் இதை நம் 'தோகை'யோடு இணைத்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல என்றாலும் பரவலான கருத்து. இன்றைய எபிரேயத்திலோ 'துகி' என்றால் கிளி! மயிலுக்கு 'தவாஸ்' என்ற வேறு சொல் இருக்கிறது. பைபிளில் பார்த்த பொருளோடு டெல் அவிவ் செல்லப்பிராணிக் கடைக்குப் போனால் பறவை மாறிவிடும்.

படி 5: பழைய நூலில் ஒரு முறை, இன்றைய சமூகத்தில் ஒரு முறை

இப்போது சொல் பழைய நூலில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். செஃபாரியா இணையதளத்தில் எபிரேய பைபிள், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத், ஜெப நூல்கள் எல்லாம் இலவசம்; சொல்லைத் தொட்டால் அகராதி திறக்கும். தல்மூத் கால எபிரேயத்துக்கும் அரமேயத்துக்கும் ஜாஸ்ட்ரோ அகராதி, பைபிளுக்குப் பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரின் அகராதி. இன்றைய வழக்குக்கு 1953இல் சட்டத்தால் நிறுவப்பட்ட எபிரேய மொழி அகாதமியின் தளம். பைபிள் அகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய சமூகத்தைப் படிப்பது, சங்கப் பாடல் உரையை வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போவது போல.

'ஹேத்' என்ற சொல்லைப் பாவம் என்கிறோம். நியாயாதிபதிகள் 20:16இல் மயிரிழை தப்பாமல் கவண்கல் எறியும் இடதுகை வீரர்கள் வருகிறார்கள். அங்கே 'தப்பாமல்' என்பதற்கு இதே வேர். பாவம் என்பது குறி தவறிய எறி. தவறினால் மறுபடி எறியலாம். தெஷுவா என்ற திரும்பி வருதலோடு சேர்த்துப் பார்த்தால் யோம் கிப்பூர் ஏன் நம்பிக்கை உள்ள நாளாக இருக்கிறது என்று புரியும்.

'த்ஸெதாகா' எனக்கு மிகப் பிடித்த சொல். வேர் த்ஸாதே, தாலெத், கோஃப்: நீதி, சரியாக இருத்தல். இன்றைய பேச்சில் 'அதா த்ஸோதேக்' என்றால் 'நீ சொல்வது சரி'. தமிழ் பைபிளில் இது பெரும்பாலும் நீதி என்று வரும். சமூக வாழ்வில் அது ஏழைக்குக் கொடுக்கும் காசு. ஐரோப்பிய மொழிகளில் மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், ஏனென்றால் இரக்கம், அன்பு என்ற சொற்களே அவர்களுக்குக் கிடைக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை: தர்மம். அறமும் அதுதான், "தர்மம் பண்ணுங்க" என்று கேட்கும்போது விழும் காசும் அதுதான். கொடுப்பவர் பெருந்தன்மை காட்டவில்லை, செய்ய வேண்டியதைச் செய்கிறார் என்ற தொனி இரண்டு மொழியிலும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதெஸ் இதில் எட்டுப் படிகள் வகுத்தார். மனக்கசப்போடு கொடுப்பது கடைசிப் படி. கடனாகவோ கூட்டாளியாக்கியோ வேலை தந்தோ ஒருவரை மற்றவரிடம் கையேந்தாத நிலைக்குக் கொண்டுவருவது முதற்படி.

'ஹெஸெத்' வேறு. 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 முறை வரும் கிருபைதான் அது. ஆனால் எருசலேமிலோ நியூயார்க்கிலோ யூதர் வாழும் தெருவில் அது எப்படித் தெரிகிறது? 'கெமாஹ்' என்ற பெயரில். கெமிலுத் ஹஸாதீம், கிருபைச் செயல்கள், என்பதன் சுருக்கம். ஒரு வீட்டில் கல்யாண உடை கெமாஹ்; வந்து எடுத்துப் போட்டுக்கொண்டு திருப்பித் தரலாம். இன்னொரு வீட்டில் தொட்டில், மற்றொன்றில் மடக்கு நாற்காலி, வேறொன்றில் வட்டியில்லாக் கடன். சங்கீதத்தின் கிருபை பக்கத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்தி அடக்கம் செய்யும் 'ஹெவ்ரா கதீஷா' குழுவின் வேலைக்கு 'ஹெஸெத் ஷெல் எமெத்', உண்மையான கிருபை, என்று பெயர். உதவியைப் பெற்றுக்கொண்டவரால் அதைத் திருப்பிச் செய்ய முடியாது என்பதால்.

படி 6: பதிலைப் பிடியுங்கள்

பல சொற்கள் இரட்டையாகத்தான் வாழ்கின்றன. 'ஷாலோம் அலேஹெம்' என்றால் திருப்பிப் போட்டு 'அலேஹெம் ஷாலோம்'. 'போகெர் தோவ்', நல்ல காலை. பதில் 'போகெர் ஓர்', ஒளியுள்ள காலை. தோரா வாசிப்பு முடித்து இறங்குபவரிடம் அஷ்கெனாசி யூதர் 'யஷெர் கோஆஹ்', உன் பலம் நிலைக்கட்டும் என்பார்கள். அவர் 'பாரூஹ் திஹ்யே', நீ ஆசி பெறுக என்பார். ஸ்பெயின் வழி வந்த செஃபார்திகள் அதே இடத்தில் 'ஹஸாக் உவாரூஹ்' என்பார்கள். சொல்லை வைத்தே ஒரு குடும்பம் எந்த வழி வந்தது என்று ஊகிக்கலாம்.

ஷாலோம் என்பதைச் சமாதானம் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். அதன் வேர் முழுமை, குறையின்மை. 'மா ஷ்லோம்ஹா?' என்று ஆணையும் 'மா ஷ்லோமேஹ்?' என்று பெண்ணையும் கேட்பது 'சௌக்கியமா?'. நோயாளிக்கு 'ரெஃபுஆ ஷ்லேமா', முழுக் குணம். அவருக்காக ஜெபிக்கும்போது இன்னாரின் மகன் என்று தாயின் பெயரைச் சொல்வது பரவலான வழக்கம். மற்றச் சடங்குகளில் தந்தை பெயர் வரும். ஆகவே யாராவது உங்களிடம் நோயாளியின் அம்மா பெயரைக் கேட்டால் வியக்க வேண்டாம்.

நலம் விசாரித்தால் பலர் 'பாரூஹ் ஹஷெம்' என்பார்கள், 'கடவுளுக்கு ஸ்தோத்திரம்'. உடம்பு சரியா இல்லையா என்று இதிலிருந்து எதுவும் தெரியாது. நம் ஊர் 'இருக்கேன்' மாதிரி. பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசினால் பின்னாலேயே 'ப்லி ஆயின் ஹரா', கண்படாமல் இருக்கட்டும். கடிதத்தின் மேல் மூலையில் அரமேயத்தில் 'விண்ணின் துணையோடு' என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்து இருக்கும். பிள்ளையார் சுழி போடும் இடம்தான்.

துக்க வீட்டில் கவனம் தேவை. 'ஷிவா' என்றால் ஏழு. அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் குடும்பத்தார் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போகும்போது ஷாலோம் சொல்லாதீர்கள், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதே மரபு. கிளம்பும்போது 'ஹமாகோம் யெநஹேம் எத்ஹெம்' என்று தொடங்கும் வாக்கியம்: 'சீயோனுக்கும் எருசலேமுக்கும் துக்கங்கொண்டாடும் மற்றவர்களோடு, இடமானவர் உங்களைத் தேற்றுவாராக'. மாகோம் என்றால் இடம். இங்கே கடவுளின் பெயர்களில் ஒன்று. இதற்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம். இறந்தவர் பெயருக்குப் பின் 'ஸிஹ்ரோனோ லிவ்ராஹா', 'அவர் நினைவு ஆசியாகட்டும்' என்று சேர்ப்பார்கள், பெண்ணானால் ஸிஹ்ரோனா.

கதீஷ் சொல்ல 'மின்யான்' வேண்டும். எண்ணிக்கை என்று பொருள், பத்துப் பேர். ஆர்த்தடாக்ஸ் சபையில் ஆண்கள் மட்டும், மற்றப் பல சபைகளில் பெண்களும் சேர்த்தி. ஆனால் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது வழக்கம். அதனால் 28ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லி எண்ணுவார்கள். எபிரேயத்தில் அதில் சரியாகப் பத்துச் சொற்கள். தலைக்கு ஒரு சொல். வசனம் முடிந்தால் மின்யான் சேர்ந்துவிட்டது.

படி 7: தெரியும் என்று நினைத்த சொற்களை மறுபடி படியுங்கள்

தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் கடினமான படி. ஓசன்னா என்பதை நாம் குருத்தோலை ஞாயிறின் ஆரவாரமாகவே கேட்டிருக்கிறோம். எபிரேயத்தில் அது 'ஹோஷியா நா', தயவுசெய்து காப்பாற்று. கூடாரப் பண்டிகையில் கையில் ஓலையும் தழையும் ஏந்தி மேடையைச் சுற்றிவந்து 'ஹோஷானா' என்று மன்றாடுவார்கள். ஏழாம் நாள் ஏழு சுற்று. அந்த நாளின் பெயரே ஹோஷானா ரபா.

ஆமெனுக்கு யூத வழக்கில் சட்டதிட்டங்கள் உண்டு. மற்றவர் சொல்லும் ஆசியைக் கேட்டு, அதற்கு ஒப்புதலாகச் சொல்வது ஆமென். தன் ஆசிக்குத் தானே சொல்வது பொதுவாக இல்லை. எந்த ஆசிக்கு என்று தெரியாமல் சொல்லும் ஆமெனுக்குத் தல்மூத் 'அநாதை ஆமென்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஆசி முடியும் முன் அவசரமாகப் பறித்துச் சொல்வதும் கூடாது.

கடவுளின் பெயர் விஷயம் தனி. நான்கு எழுத்துப் பெயரை யூதர் உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் 'அதோனாய்', என் ஆண்டவர். பேச்சில் 'ஹஷெம்', அந்தப் பெயர். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'கர்த்தர்' என்று வருவது இந்தப் பழக்கத்தின் நீட்சிதான். 'யெகோவா' என்ற வடிவம் நான்கு மெய்களுக்குள் அதோனாயின் உயிர்களைப் பொருத்தி வாசித்ததால் பிறந்தது. யூத நண்பர் முன்னால் அதை உரக்கச் சொல்லிப் பயிற்சி செய்ய வேண்டாம், ஹஷெம் போதும்.

நமக்கு அண்டையில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. சமூகத்தின் பெரும்பகுதி 1950களில் இஸ்ரேலுக்கு அலியா போய்விட்டது. கொச்சி யூதரின் மலையாளத்தில் 'ஷாலோம் ஆயி' என்றால் 'காலமானார்'. எபிரேயப் பெயர்ச்சொல்லோடு மலையாள வினை. எந்த எபிரேய அகராதியிலும் இந்தப் பொருள் கிடைக்காது. 'சிவலோகம் அடைந்தார்' என்று சொல்லிப் பழகிய தென்னிந்தியக் காதுக்கு மட்டும் உடனே புரியும்.

ஒரு வெள்ளிக்கிழமையில் தொடங்கிப் பாருங்கள்

யூதக் குடும்பம் ஒன்று உங்களைச் சாப்பிட அழைத்தால் அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. பேனாவை மட்டும் எடுத்துப் போக வேண்டாம்: ஷபாத்தில் எழுதுவது தடுக்கப்பட்ட 39 வேலைகளில் ஒன்று, கடைப்பிடிக்கும் வீட்டில் மேசையில் நோட்டை விரித்தால் சங்கடம். கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதுங்கள். உள்ளே நுழையும்போது 'ஷபாத் ஷாலோம்'. கிதூஷின் போது எல்லோரும் நின்றால் நீங்களும் நில்லுங்கள், ஆசி முடிந்ததும் ஆமென். பின்னல் போட்ட ரொட்டி 'ஹலா'. எண்ணாகமம் 15இல் பிசைந்த மாவிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லும் காணிக்கைப் பங்கின் பெயர் அது, இப்போது ரொட்டிக்கே பெயராகிவிட்டது. ஒரு சொல் காதில் விழுந்து புரியாவிட்டால் கேளுங்கள், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதைவிட "இதை எப்போது சொல்வீர்கள்?" என்று கேட்டால் மேசையில் மூன்று பேர் மூன்று கதை சொல்வார்கள்.

சனி மாலை மூன்று விண்மீன் தெரிந்ததும் 'ஹவ்தாலா', பிரித்தல்: திராட்சரசம், வாசனைப் பொருள், பல திரி முறுக்கிய மெழுகுவர்த்தி. சுடரைத் திராட்சரசத்தில் அணைப்பார்கள். அதற்கு மேல் ஷபாத் ஷாலோம் சொல்லக் கூடாது. இனி 'ஷாவுஆ தோவ்', நல்ல வாரம். பேனாவை எடுக்கலாம்.